ஒரு சிரட்டை மணல்

"அம்மை, எனக்கு இனி முடியல்ல."

அடுப்படி வாசலில் நின்று தாணுலிங்கம் இதைச் சொன்னபோது, மடத்து அம்மை முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எது முடியல்ல, அண்ணாச்சி?"

"எல்லாந்தான். இடுப்பு முடியல்ல. முட்டு முடியல்ல. நேத்து வச்ச கல்லை இன்னைக்குக் கடல் உருவிட்டுப் போயிருக்கு. இன்னைக்கு வச்சதை நாளைக்கு உருவும். பன்னிரண்டு வருஷம் ஆச்சு. இது எப்ப முடியும்?"

அம்மை முறத்திலிருந்து ஒரு சிறு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். பிறகு இன்னொன்று.

அவர் காத்துக்கொண்டு நின்றார். அந்த மடத்தில் கேள்விக்கு உடனே பதில் வந்ததாகச் சரித்திரம் கிடையாது.

மடம் இருப்பது கடலோரத்துச் செம்மண் மேட்டின் மேல். மேடு என்று பேச்சுக்குச் சொல்வார்களே தவிர, கீழே நின்று அண்ணாந்தால் நாலு பனை உயரம். மேற்குப் பக்கம் அரிவாளால் சீவினாற்போல் நேரே கடலில் இறங்கும். ஆனி ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் கடல் அதன் அடியைக் கடையும். மழை மேலிருந்து ஓடை ஓடையாக அரிக்கும். ஒருநாள் ஒரு வீடளவு மண் அப்படியே பெயர்ந்து விழும். கடல் ரெண்டு மூன்று நாள் சிவந்து கிடந்து தெளியும். பிறகு பார்த்தால் மேடு காலடிக் கணக்கில் மூன்று எட்டு உள்ளே தள்ளி நிற்கும். மனுஷன் பிறப்பதற்கு முன்னாலிருந்து நடக்கிற காரியம் இது.

மடத்துக் குரு பெரியசாமியைச் சமாதி வைத்தது அந்த விளிம்பிலிருந்து பதினைந்து எட்டில். இடம் அவரே காட்டியது.

"சாமி, அங்க வேண்டாம். விளிம்பு" என்று தாணுலிங்கம் கெஞ்சினார்.

"அங்கதாம்லே காத்து வருது" என்றுவிட்டார் கிழவர்.

அவர் போய் இரண்டே ஆடி. பதினைந்து ஒன்பதாயிற்று.

தாணுலிங்கம் சமாதிமேல் கை வைத்துச் சொன்னார்: "எனக்கு உசுரு இருக்குற மட்டும் கடல் உங்களைத் தொடாது, சாமி."

அன்றைக்கே கீழே இறங்கி, மேட்டின் காலடியில் முதல் கல்லை வைத்தார். சமாதி கும்பிட வருகிறவர்களிடம், தேங்காய் பழம் வேண்டாம், ஆளுக்கொரு கல் கொண்டு வாங்க என்றார். ஊர் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. காரில் வருகிறவர்கள் டிக்கியில் கல் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளை வரம் கேட்டவள் மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். வேண்டுதலுக்குத் தக்க எடை. பரீட்சைக்குக் கூழாங்கல், கல்யாணத்துக்கு அம்மிக்கல்.

சுவர் எழுந்தது. மேடு நின்றது. ஒன்பது எட்டு, பன்னிரண்டு வருஷமாக ஒன்பது எட்டாகவே இருக்கிறது.

ஆனால் கடலுக்கு வேறு சோலி இல்லை. வருஷா வருஷம் அது கல்லை உருவும். தாணுலிங்கம் கழுத்தளவு தண்ணீரில் நின்று அதைத் தேடி எடுத்து மறுபடி வைப்பார். "எறும்பூரக் கல்லும் தேயும் சாமி, விட்டுராதீய" என்று வருகிறவர்கள் தெம்பு சொல்லிவிட்டுப் போவார்கள். தேய்ந்துகொண்டிருப்பது யார் என்று அவருக்கு அல்லவா தெரியும். வயது அறுபத்தொன்று. கை விரல்களில் ரேகை அழிந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால், ஆள் இல்லை என்கிறது அது.

முறத்தில் பயறு சலசலத்தது.

"பாத்திரம் துலக்க மணல் இல்ல, அண்ணாச்சி" என்றாள் அம்மை. "வடக்குத்துறைக்குப் போயி ஒரு சிரட்டை மணல் கொண்டாங்களேன்."

தாணுலிங்கத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

அவர் கேட்டது என்ன, அவள் சொல்வது என்ன! பெரியசாமியாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டலாம். இவளுக்கு அடுப்படியைத் தவிர எது தெரியும்?

இதுவும் பழைய புண்தான். கிழவரின் காலடியில் அவர் இருந்தது பத்தொன்பது வருஷம். அம்மை கஞ்சி காய்ச்ச வந்தவள், அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். கிழவர் போவதற்கு முந்தின சாயங்காலம் தன் கைத்தடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கூட்டமே தாணுலிங்கத்தைப் பார்த்தது. தாணுலிங்கம் தரையைப் பார்த்தார். மடம் அவளுக்குப் போயிற்று. சமாதியை அவராக எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை.

"சுவர் முடியுற மட்டும் வடக்கு முனையைத் தாண்டுறதில்லன்னு எனக்கு ஒரு சங்கல்பம் இருக்கு" என்றார்.

"சுவர் முடியாதுன்னு இப்பத்தானே சொன்னீய."

அவர் அடுப்பு மேட்டில் கிடந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

*

ஆவணி வெயில். கடல் தாழ்ந்திருந்தது. கற்குவியலைத் தாண்டி, சுவரின் ஓரமாக நடந்து, முனைப் பாறைகளில் கையூன்றி ஏறினார். ஒவ்வொரு பாறைக்கும் முட்டு ஒரு கெட்ட வார்த்தை சொன்னது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சிரட்டை மணலுக்கு இந்தப் பாடு.

வடக்குத்துறையை அவருக்கு நன்றாகத் தெரியும். இளவயதில் மடத்துக்கு வந்த புதிதில் அங்கேதான் குளிக்கப் போவார். ரோட்டிலிருந்து தண்ணீருக்குப் போவதற்குள் உள்ளங்கால் வெந்துவிடும், அவ்வளவு அகலம் மணல். வரிசையாக வள்ளங்கள் ஏறிக் கிடக்கும். வலைகள் விரிந்து கிடக்கும். நெத்திலி காயும். அந்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்.

முனையைச் சுற்றி இறங்கினார்.

முதலில், வழி தவறிவிட்டோமோ என்று நினைத்தார்.

கடல் ஊருக்குள் இருந்தது. தென்னைகளின் வேர் வெளியே தொங்கியது. ஒரு வீடு பாதி இருந்தது, மீதிப் பாதி இல்லை. நின்ற சுவரில் ஒரு மாதா படக் காலண்டர் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வாசல்தோறும் மண்மூட்டைகள். வள்ளம் ஒன்றுகூட இல்லை.

அவர் குனிந்து தேடினார். பாறை இடுக்கில் சரளைக்கல் இருந்தது. உடைந்த பாட்டில் இருந்தது. ஒற்றைச் செருப்பு இருந்தது. மணல் இல்லை.

"அய்யோ, சாமியா? இந்தப் பக்கமா?"

மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். சவேரியாள். மீன்காரி. மடத்துக்கு மாசாமாசம் வருகிறவள். முதல் வெள்ளி மாதா கோயிலுக்கு, முதல் சனி பெரியசாமிக்கு என்பது அவள் கணக்கு. மீன்கூடையில் கல்லை வைத்துத் தலையில் சுமந்து கொண்டுவருவாள். கல்லின் மேல் சுண்ணாம்பால் ஒரு சின்னச் சிலுவை போட்டிருப்பாள். "எங்க ஆளு, உங்க ஆளு, ரெண்டு பேரும் பாத்துக்கிடட்டும்" என்று சிரிப்பாள். என்ன வேண்டுதல் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கல்லின் எடையை மட்டும் பார்ப்பார்.

"கரை எங்கம்மா போச்சு?" என்றார்.

"அதையேன் கேக்கீய. பத்து வருஷமா கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. மொதல்ல வலை காயப்போட இடம் இல்லாம ஆச்சு. பெறவு வள்ளம் ஏத்த இடம் இல்ல. இப்ப எட்டு மைல் தள்ளித் துறைமுகத்துல கட்டுதாவ. நாங்க இங்க ஒத்தைக்குக் காவல் கிடக்கோம்."

"எதனால இப்படி?"

"யாரு கண்டா? ஒருத்தன் துறைமுகத்துனாலங்கான். ஒருத்தன் சுனாமிங்கான். பாதிரியார் எங்க பாவங்கார்." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அதுக்குத்தான் சாமி, மாசாமாசம் பெரியசாமிகிட்ட வந்து நிக்கேன். அவரு மேட்டையே புடிச்சு நிறுத்திட்டாரு. எங்க கரையையும் நிறுத்த மாட்டாரா?"

தாணுலிங்கம் சிரட்டையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"எங்க மாமனார் இருந்தவரைக்கும் ஒரு பேச்சுச் சொல்லுவாரு" என்றாள். "ஆடியில உங்க மேடு இடிஞ்சு விழுமில்லா, கடல் செவக்கும். செவந்தா அவரு கையெடுத்துக் கும்பிடுவாரு. செம்மண்ணெல்லாம் கரைஞ்சு போயிரும், மணல் மட்டும் முனையைச் சுத்தி இங்க வந்து ஏறும். புரட்டாசியில போயிப் பாத்தா புதுக் கரை. அந்த மேடுதாம்ட்டி நமக்குப் பாய் விரிக்கு, அப்படிம்பாரு."

"இப்ப?"

"இப்ப எங்க செவக்கு? நீங்கதான் காவந்து பண்ணுதீயல்லா. பன்னிரண்டு வருஷமா கடலு கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

அதை அவள் பெருமையாகத்தான் சொன்னாள்.

தாணுலிங்கம் பக்கத்திலிருந்த தென்னையைப் பிடித்துக்கொண்டார். மரம் லேசாக ஆடியது. அவர் ஆடினாரோ என்னவோ.

"சிரட்டை எதுக்கு சாமி?"

"கொஞ்சம் மணலுக்கு வந்தேன்."

"மணலா!" அவள் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். "இருங்க. இருக்கு."

அவள் வீட்டில் ஒரு அறைதான் மிச்சம். உள்ளே போய் ஒரு அலுமினியச் சட்டியை எடுத்து வந்தாள். சட்டி நிறைய வெள்ளை மணல். நடுவில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி ஒன்று குத்தியிருந்தது. அவள் அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது ஏது?"

"எங்க வீட்டுக்காரரு கல்லறைத் தோட்டத்துல கிடந்தாரு. ஆடி பொறந்து மூணாம் நாளு, கடல் தோட்டத்துக்குள்ள வந்துட்டு. பெட்டியை எடுக்க நேரமில்ல. கையில அகப்பட்டதை அள்ளிட்டு வந்தேன். அவருக்குன்னு இதுதான் இருக்கு."

"எனக்கு வேண்டாம்மா."

"சமாதிக்குத்தானே?"

அடுப்படிக்கு என்று எப்படிச் சொல்ல? அவர் ஆமென்றும் தலையாட்டவில்லை, இல்லையென்றும் ஆட்டவில்லை. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். சிரட்டையை வாங்கி, குழந்தைக்கு மருந்து ஊற்றுகிறவள் போல் ஒரு பொட்டு சிந்தாமல் மணலைச் சரித்து நிரப்பினாள்.

"அவருக்கும் கொஞ்சம் புண்ணியம் சேரட்டும்" என்றாள்.

*

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் சிரட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். பாறைகளில் ஊன்றக் கை இல்லை. இரண்டு இடத்தில் விழுந்தார். முழங்கை கிழிந்தது. மணல் சிந்தவில்லை.

சுவரின் பக்கம் வந்தபோது வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனாலும் பார்த்தார். அலை பின்வாங்கும்போது ஈரக் கற்களின் நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சுண்ணாம்புச் சிலுவைகள். பாதி அழிந்தவை, அழியாதவை.

அடுப்படி முற்றத்தில் மத்தியானப் பாத்திரங்கள் கழுவாமல் கிடந்தன. அம்மை அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் சிரட்டையை அவள் முன்னால் வைத்தார்.

"மணல்" என்றார். "வடக்குத்துறையிலேயே இவ்வளவுதான் இருக்கு. ஒரு மனுஷனோட கல்லறை இது. துலக்குங்க."

அம்மை மணலைத் தொடவில்லை. புடவைத் தலைப்பால் சிரட்டையை மூடினாள். பிறகு பக்கத்திலிருந்த சாம்பல் சட்டியை இழுத்து, தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டு, கஞ்சிப் பானையைத் தேய்க்கத் தொடங்கினாள்.

அவர் அந்தச் சாம்பல் சட்டியைப் பார்த்தார். அது எத்தனை நாளாக அந்த இடத்தில் இருக்கிறது?

"பத்து வருஷமா சாம்பல்தான், அண்ணாச்சி."

"உங்களுக்குத் தெரியும்!" என்றார் அவர். "பத்து வருஷமாத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னீயளா?"

"மொத வருஷம் கேட்டேன். துறையில மணல் குறைஞ்சு வருது, போயிப் பாக்கீயளான்னு. சாம்பல் இருக்குல்லா, அதுல தேய்ங்கன்னு சொன்னீய."

சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒரு லாரி கல் வந்து இறங்கியிருந்தது. அவருக்கு நேரமில்லை.

"ரெண்டாந்தடவை சொல்லியிருக்கலாமே! இழுத்துட்டுப் போயிக் காட்டியிருக்கலாமே! குரு நீங்கதானே?"

தேய்க்கிற கை நின்றது.

"சொல்லியிருக்கணும்" என்றாள் அம்மை. "தப்புதான். ஆனா எனக்கும் பெரியசாமி போகக் கூடாதுன்னு இருந்துச்சு, அண்ணாச்சி. நீங்க கல்லு வைக்கும்போதெல்லாம் இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம்னு இருந்துட்டேன். நீங்க முடியல்லன்னு சொல்லுத அன்னைக்குச் சொல்லலாம்னு நெனச்சேன். நீங்க சொல்லவே இல்ல."

தாணுலிங்கம் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பதினான்கு வருஷமாக அவளை வெறுப்பதற்கு அவர் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமில்லை. அதையும் அங்கேயே இறக்கி வைத்துவிடலாம் போலிருந்தது.

காகம் ஒன்று பானைக்குப் பக்கத்தில் வந்து சோற்றுப்பருக்கையைக் கொத்தியது. இரண்டு பேரும் விரட்டவில்லை.

அது பறந்து போனபின் அவர் சொன்னார்:

"ஒரு வழி இருக்கு. இங்க இருக்குற சுவர் இருக்கட்டும். இன்னும் ஊரெல்லாம் கல்லு கேப்போம். வடக்குத்துறைக்கும் ஒரு சுவர் கட்டிருவோம். அதுக்கும் நான் ஆச்சு. சவேரியாள் வீடும் நிக்கும், குருவும் நிப்பாரு."

சொல்லும்போதே இடுப்பு வலித்தது. ஆனாலும் சொன்னார்.

அம்மை பானையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"வடக்குத்துறைக்கு அடுத்த ஊரு பேரு என்ன, அண்ணாச்சி?"

அந்த ஊருக்கு மணல் வடக்குத்துறையைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது அவருக்கு அப்போது உறைத்தது.

*

மறுநாள் காலையில் அவர் வழக்கம்போலக் கீழே இறங்கினார். வழக்கம்போல ஒரு கல்லைத் தூக்கினார். சுவரில் வைப்பதற்குப் பதிலாக, சுவரிலிருந்து எடுத்தார். அவ்வளவுதான் வித்தியாசம். எடை அதேதான். இடுப்பு அதேதான்.

கட்டுவதைவிடப் பிரிப்பது லேசு என்று சொல்கிறவன் சுவர் பிரித்துப் பார்த்ததில்லை. பன்னிரண்டு வருஷத்துக் கல் ஒன்றோடொன்று பல் கடித்துக்கொண்டு நின்றது. இதை வைத்தது ஒரு தைப்பூசத்தன்று, இதை வைத்தபோது சுண்டுவிரல் நசுங்கியது என்று ஒவ்வொன்றும் அவருக்கு நினைவிருந்தது. அதுதான் கனம்.

"எடுத்ததை எங்க போட?" என்று மேலே வந்து கேட்டார்.

"வாரவங்க கையில ஆளுக்கு ஒண்ணு கொடுத்து விடுங்க" என்றாள் அம்மை.

வந்தவர்கள் திகைத்தார்கள். கொண்டுவந்த கல்லை வாங்காமல், இன்னொரு கல்லையும் கொடுக்கிறாரே இந்தச் சாமி? சிலர் கோபித்துக்கொண்டு போனார்கள். அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் பேசியது. "உப்புத் தண்ணியில நின்னு நின்னு மூளை ஊறிப்போச்சு" என்று டீக்கடையில் சொன்னதை ஒருவர் அக்கறையாக வந்து அவரிடமே சொன்னார். சிலர் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு எடுத்துப் போனார்கள். இன்றைக்கும் பல வீட்டில் துணி துவைப்பது அந்தப் பிரசாதத்தின் மேல்தான்.

முதல் சனி வந்தது. சவேரியாள் வந்தாள், தலையில் கூடை, கூடையில் கல், கல்லில் சிலுவை.

தாணுலிங்கம் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். பன்னிரண்டு நாளாக மனசுக்குள் பேசிப் பேசிப் பார்த்த பேச்செல்லாம் அவளைக் கண்டதும் ஓடிப்போயிற்று.

"உங்க கரையை எடுத்தது கடல் இல்லம்மா" என்றார். "இந்தச் சுவருதான். மேடு இடிஞ்சாத்தான் உங்களுக்கு மணல். அதை நான் இடிய விடல்ல. உங்க மாமனார் சொன்னது சரி. நீங்க கொண்டாந்த கல்லும் இதுலதான் இருக்கு."

சவேரியாள் கூடையை இறக்கவில்லை. நின்றபடி சுவரைப் பார்த்தாள். பாதி பிரிந்து கிடந்தது. பிறகு மேலே அண்ணாந்து மேட்டைப் பார்த்தாள்.

"நூத்திச்சொச்சம் கல்லு, சாமி" என்றாள். "மீன் விக்காத நாளுல வெறுங்கூடையில வச்சுக் கொண்டாந்தேன். பேரன் வயித்துல இருக்கையில என் மவளும் ஒண்ணு தூக்கிட்டு வந்தா."

"தெரியும்."

"எங்க வீட்டுக்காரரைக் கடல்ல தூக்கிப் போட்டது நானா?"

இதற்குத்தான் அவர் பயந்தார்.

"நான்" என்றார். "கல்லு கேட்டது நான்."

அவள் அழுதாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே அழுதாள். அழுது முடித்து, கூடையை இறக்கி, மூக்கைச் சிந்திவிட்டு, புடவையை இழுத்துச் செருகினாள்.

"தள்ளுங்க" என்றாள். "என் கல்லை நான் எடுக்கேன்."

அதன்பிறகு மாசத்தில் நாலைந்து நாள் அவள் வந்தாள். சிலுவை தெரிகிற கல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்தாள். சிலுவை தீர்ந்தபிறகு சிலுவை இல்லாததையும் எடுத்தாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேசுவதற்குத் தெம்பு மிச்சம் இருப்பதில்லை. அம்மை கஞ்சியும் காணத்துவையலும் கொண்டுவந்து பாறைமேல் வைத்துவிட்டுப் போவாள்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் தாணுலிங்கம் கல்லுக்குக் கை நீட்டினார். கல் இல்லை. மேட்டின் செம்மண்தான் கையில் தட்டுப்பட்டது. வெதுவெதுவென்று இருந்தது. அவர் அதன்மேல் கையை வைத்தபடியே கொஞ்ச நேரம் நின்றார்.

*

ஆனியில் கச்சான் கிளம்பியது. எட்டு நாள் மழை விடவில்லை.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மேடு இடிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. பெரிய மிருகம் ஒன்று படுக்கையில் புரண்டு படுத்தாற்போல் ஒரு சத்தம். மடத்தின் ஓடுகள் ஒருதரம் குலுங்கின.

தாணுலிங்கம் மழையிலேயே ஓடினார். சமாதியின் முன்னால் நின்று எட்டு வைத்து அளந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு. அதற்குமேல் கால் வைக்க இடமில்லை.

ஆறு எட்டு. இன்னும் இரண்டே ஆடி.

அவர் சமாதியின் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்தார். கல் வைத்த காலத்தில்கூட அவர் அழுததில்லை. இப்போது மழைக்கும் கண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாமல் அழுதார். கொடுத்த வாக்குப் போயிற்று. பன்னிரண்டு வருஷ உழைப்பும் கடலில் கரைத்த பெருங்காயமாகப் போயிற்று. கிழவர் பாட்டுக்குப் பேசாமல் படுத்திருந்தார். அவருக்குக் காற்று வந்துகொண்டிருந்தது.

அம்மை பனையோலைக் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள். கைத்தடியை ஊன்றியிருந்தாள். இன்னொரு கையில் சிரட்டை. போன ஆவணியில் மூடி வைத்த அதே சிரட்டை.

"குருசாமி போயிருவாரே, அம்மை" என்றார் தாணுலிங்கம்.

அம்மை குனிந்து சிரட்டையை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்க போவாரு?" என்றாள்.

அவர் கடலைப் பார்த்தார்.

கடல் சிவந்திருந்தது. மேட்டின் காலடியில் தொடங்கிய சிவப்பு, அலைக்கு ஒரு முழமாக நகர்ந்து, முனையைச் சுற்றி வடக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

தாணுலிங்கம் எழுந்தார். விளிம்பில் நின்று சிரட்டையைக் கவிழ்த்தார்.

"கூடப் போங்கய்யா" என்றார் மணலிடம். "வழி குருசாமிக்குத் தெரியாது."